ரப்பர்ப் பாலும் ஆசிட் கணக்கும்

உட்லண்ட்ஸ் என்றதும் இன்று அடுக்குமாடி வீடுகளும், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலமும் நினைவுக்கு வரும். 1970களில் புதுநகர் எழுவதற்கு முன் அந்த வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பாலத்தின் மறுகரையில், ஜொகூரில், ரப்பர்த் தோட்டங்கள் இன்றும் உள்ளன. மங்கில் வடியும் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் பிழிந்து ஷீட்டாக்குவது நம் குடும்பங்கள் தலைமுறையாகப் பார்த்த வேலை. அந்த ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கும் கணக்கை இன்று பார்ப்போம்.

இதன் பெயர் பார்மிக் அமிலம். லத்தீன் மொழியில் 'பார்மிகா' என்றால் எறும்பு. முசுறு கடித்த இடம் எரிவதற்கும் இந்த அமிலமே காரணம்.

இதைக் கலக்காமல் அப்படியே பாலில் ஊற்றினால் என்ன ஆகும்? பட்ட இடம் மட்டும் கட்டி தட்டும். மற்ற இடம் பாலாகவே நிற்கும். கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

இனிக் கணக்கு. டஜன் என்றால் 12. மோல் என்றால், ஏறத்தாழ, 6 எழுதி அதன்பின் 23 சைபர் போட்ட எண்ணிக்கை. அத்தனை மூலக்கூறுகளை எண்ண முடியாது, ஆகவே நிறுக்கிறோம். பார்மிக் அமிலத்தில் கார்பனுக்கு 12, இரண்டு ஹைட்ரஜனுக்கு 2, இரண்டு ஆக்சிஜனுக்கு 32, கூட்டினால் 46. ஆகவே 46 கிராம் ஒரு மோல்.

கலனில் 85 சதவீதம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் திரவத்தில் 85 கிராம்தான் அமிலம் என்பது அதன் பொருள். இத்திரவம் தண்ணீரைவிடக் கனமானது. 100 மில்லி சுமார் 120 கிராம் இருக்கும். அதில் அமிலம் 102 கிராம். 46ஆல் வகுத்தால் சுமார் 2.2 மோல்.

இதைத் தண்ணீரில் சேர்த்து மொத்தம் 10 லிட்டராக்குவோம். 2.2ஐ 10ஆல் வகுத்தால், லிட்டருக்கு 0.22 மோல். இதுவே செறிவு. மொத்தம் 5 லிட்டரோடு நிறுத்தினால் லிட்டருக்கு 0.44 மோல், செறிவு இரட்டிப்பாகிவிடும். மோல் மட்டும் இரண்டிலும் 2.2தான். ஒரு கரண்டி சீனியை ஒரு கோப்பைத் தேநீரில் போட்டாலும் ஒரு பானைத் தேநீரில் போட்டாலும் சீனி அதேதானே? இனிப்புதான் மாறுகிறது.

கண்ணளவாக ஊற்றும் பழக்கம் இங்கேதான் ஏமாற்றுகிறது. ஆசிட் குறைந்தால் பால் முழுதும் உறையாமல் ரப்பர் வீணாகும். கூடினால் உறைபால் இறுகி, உருளையில் பிழிவது கடினமாகும். ஆகவே அளவுக் குவளையால் அளந்து ஊற்றுவோம்.

முதலில் தண்ணீர், பிறகே ஆசிட்டை மெல்ல விட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிவோம். மேலே பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவோம். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதிக்காமல் மருத்துவரிடம் போவோம். குளிர்பானப் புட்டியில் ஆசிட்டை ஒருநாளும் ஊற்றி வைக்க வேண்டாம். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.