ஹரிக்கேன் அடிச்ச ரிசார்ட்ல உங்களுக்கு ஒரு வாரம் சொந்தமா? அடுத்த பில்லைப் படிக்கும் முன் இதைப் படிங்க

டைம்ஷேர் வாங்கலாமா வேண்டாமா என்பது பழைய பஞ்சாயத்து, அதை இங்கே இழுக்கப் போறதில்லை. நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்க. ரிசார்ட் ஃபுளோரிடா கடற்கரையில இருக்கு. ஹரிக்கேன் வந்து முதல் மாடி வரைக்கும் கடல் தண்ணி ஏறி இறங்கிடுச்சு. இனி உங்க பாக்கெட்ல இருந்து எவ்வளவு போகும்? இல்லை, உங்க பாக்கெட்டுக்கு ஏதாவது வருமா? ஆமா, வரவும் செய்யலாம். அதைத்தான் பார்க்கப் போறோம்.

அமெரிக்காவுல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க பல பேர் ஓர்லாண்டோ டூர்ல, "90 நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க சார், தீம் பார்க் டிக்கெட்ல தள்ளுபடி" என்ற வலையில் விழுந்து பத்திரம் வாங்கினவங்க. அந்தப் பத்திரத்தை எடுத்து பக்கத்துல வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

2022 செப்டம்பர் 28 அன்று இயன் ஹரிக்கேன் தென்மேற்கு ஃபுளோரிடாவின் காயோ கோஸ்டா தீவில் கரை ஏறியது. நான்காம் வகைப் புயல், மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்று. ஃபோர்ட் மயர்ஸ் பீச் ஊரையே கடல் தண்ணீர் துடைச்சுட்டுப் போச்சு. பக்கத்துல இருக்கிற சானிபெல் தீவுக்குப் போற பாலச்சாலை பல இடத்தில் அறுந்து, தீவு தனியா நின்னுச்சு. இந்தச் சானிபெல், அமெரிக்காவில் டைம்ஷேர் வியாபாரம் 1970களில் வேர் பிடிச்ச இடங்களில் ஒன்று. அதனால கடலை ஒட்டி, பழைய, உயரம் குறைந்த கட்டடங்கள் அங்கே நிறைய. 2024ல ஹெலீன், மில்டன் என்று இரண்டு வாரத்துக்குள்ள இன்னும் இரண்டு ஹரிக்கேன்கள் அதே மேற்குக் கரையைத் தாக்கின.

இப்போ பத்திரத்துக்கு வருவோம். ஒரு ஃபிளாட்டை வருஷத்தின் 52 வாரமா வெட்டி, ரிப்பேருக்கு ஒரு வாரத்தை ஒதுக்கிட்டு, மீதி 51 வாரத்தை 51 பேருக்கு விக்கிறதுதான் பழைய மாடல். நீங்க வாங்கினது ஒரு வாரம்தான். ஆனா கட்டடத்தின் செலவிலும் அந்த ஒரு வாரத்துக்கு உண்டான பங்கு உங்க தலையில் இருக்கு. ரிசார்ட் மூடிக் கிடந்தாலும் மெயின்டனன்ஸ் பில் வரும். "தங்கவே முடியாத ரூமுக்கு எதுக்குக் காசு?" என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான். ஆனா சொத்து வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், காவல், வக்கீல் செலவு எதுவும் புயலோட நிக்காது. பொதுவா ஒப்பந்தத்திலும் அதுக்கு விலக்கு இருக்காது.

"இன்ஷூரன்ஸ் இருக்குமே?" இருக்கும். ஆனா காற்றுக்கு ஒரு பாலிசி, வெள்ளத்துக்கு வேற பாலிசி. கூரையைப் பிச்சது காற்றா, சுவரைத் தள்ளினது கடலா என்று இரண்டு கம்பெனியும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டும். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த மாதிரி ஃபிளாட் கட்டடங்களுக்கு உச்சவரம்பு ஒரு யூனிட்டுக்கு 2,50,000 டாலர். காற்று பாலிசியில் ஹரிக்கேன் டிடக்டிபிள் ஒரு சதவீதக் கணக்கு. அந்தச் சதவீதம் சேதத் தொகைக்கு இல்லை, காப்பீடு செய்த மொத்த மதிப்புக்கு. இதைப் பல பேர் கவனிக்கிறதே இல்லை. 2 கோடி டாலருக்குக் காப்பீடு, 5% டிடக்டிபிள் என்றால், முதல் 10 லட்சம் டாலர் சங்கத்தின் கைக்காசு.

உண்மையான தலைவலி இதுக்கு அப்புறம்தான். 50 சதவீத விதி என்று ஒண்ணு இருக்கு. வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, புயலுக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டாலே, சும்மா ரிப்பேர் பண்ண விடமாட்டாங்க. இன்றைய விதிப்படி முழுக் கட்டடத்தையும் மாத்தியாகணும். கடலை ஒட்டின பகுதியில் அதுக்கு அர்த்தம், தூண்கள் மேல வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டு. கீழே கார் பார்க்கிங், சாமான் அறை, படிக்கட்டு மட்டும்தான். அப்போ தரைத்தள ஃபிளாட்டில் வாரம் வாங்கினவங்க எங்கே போவாங்க? ஊர் நிர்வாகம் உயரத்தைத் தளர்த்தினா ஒரு மாடி மேலே போவாங்க. இல்லைன்னா அவங்க வாரத்துக்கு ரூமே கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம். சந்தை மதிப்பு என்றால் கட்டடத்துக்கு மட்டும், மண்ணைச் சேர்க்கமாட்டாங்க. கடற்கரை ரிசார்ட்டில் விலையெல்லாம் மண்ணுக்குத்தான், 40 வருஷக் கட்டடத்துக்கு என்ன பெரிய மதிப்பு? அதனால பாதி என்ற கோட்டை எட்டுவது ரொம்ப சுலபம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் கற்பனைக் கணக்கு, எந்த ரிசார்ட்டையும் குறிக்காது. 50 ஃபிளாட், 51 வாரம், மொத்தம் 2,550 பங்கு. கட்டட மதிப்பு 1 கோடி டாலர். ரிப்பேர் செலவு 60 லட்சம். பாதியைத் தாண்டிடுச்சு, புதுசாத்தான் கட்டணும், அதுக்கு 2.5 கோடி. இன்ஷூரன்ஸ் கம்பெனி சேதத்துக்குத்தான் காசு தரும். டிடக்டிபிள் 10 லட்சம் போக 50 லட்சம் வந்ததுன்னு வைங்க. விதிப்படி உயர்த்திக் கட்ட வெள்ள பாலிசி தரும் கூடுதல் தொகை அதிகபட்சம் 30,000 டாலர், அது இந்தச் செலவுக்கு எந்த மூலைக்கு? நம்ம அபார்ட்மென்ட் கார்பஸ் ஃபண்ட் மாதிரி சங்கத்தின் ரிசர்வில் 20 லட்சம் இருக்கு. மீதி 1.8 கோடி. ஒரு வாரத்துக்கு 7,059 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட்!

எல்லாரும் கட்டமாட்டாங்க. வயசானவங்க, வாரிசு இல்லாதவங்க, "போனா போகுது" என்று விட்டவங்க எல்லாம் கழண்டுக்குவாங்க. 20% பேர் கட்டலைன்னா மீதி 2,040 பங்கு மேல அதே சுமை, தலைக்கு 8,824 டாலர். ஒழுங்கா கட்டுறவனுக்குத்தான் இந்த ஆட்டத்தில் தண்டனை.

இன்னொரு வழி, கட்டாமலே வித்துடறது. சென்னையில 30 வருஷப் பழைய ஃபிளாட்டை இடிச்சுக் கட்டும்போது முதல் கேள்வி என்ன? "உங்க யூ.டி.எஸ் எவ்வளவு?" அதே கதைதான் இங்கேயும். பத்திரப்படி பிரிக்கப்படாத நிலத்தில் உங்களுக்கு ஒரு துளி பங்கு இருக்கு. அதே கற்பனை ரிசார்ட்டின் மண் 3 கோடிக்குப் போய், இடிக்க, வக்கீலுக்கு, கமிஷனுக்கு 30 லட்சம் போனா, மீதி 2.7 கோடி. ஒரு வாரத்துக்கு 10,588 டாலர். புயலுக்கு முந்தின நாள் வரைக்கும் இலவசமா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத வாரம் அது! இன்ஷூரன்ஸ் பணத்தின் மிச்சம் தனி, ஆனா திரும்பக் கட்டலைன்னா பொதுவா தேய்மானம் கழிச்ச மதிப்புதான் தருவாங்க.

அதனால, பில்லைப் பார்த்து மிரண்டு, "இந்தாங்க, உங்க பத்திரத்தை நீங்களே வெச்சுக்கங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நில்லுங்க. என்னைக் கேட்டா, அதைவிட மோசமான நேரம் வேற இல்லை. நீங்க விட்ட வாரம், கட்டாதவங்ககிட்ட பறிச்ச வாரம், விக்காம கிடந்த வாரம் எல்லாம் சங்கத்துக்கோ, டெவலப்பருக்கோ போய்ச் சேரும். விக்கிறதா கட்டுறதா என்ற ஓட்டெடுப்பில் அந்த வாரங்களுக்கும் ஓட்டு இருக்கலாம், விற்ற காசிலும் பங்கு இருக்கலாம். யார் கையில் எத்தனை வாரம் என்று சங்கத்துக்கு எழுத்தில் கேளுங்க. மதிப்பீட்டாளர் அறிக்கை, இன்ஷூரன்ஸ் தொகை, 50 சதவீதம் பற்றி ஊர் நிர்வாகம் கொடுத்த கடிதம், இந்த மூணும் இல்லாம ப்ராக்ஸி ஃபார்மில் கையெழுத்து வேண்டாம்.

பாயின்ட் சிஸ்டத்தில் வாங்கினவங்களுக்கு மேலே சொன்ன நிலக்கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. அங்கே பத்திரம் ஒரு டிரஸ்ட் பெயரில் இருக்கும். ஒரு ரிசார்ட் போனாலும் வேற ரிசார்ட்டில் தங்கலாம், அது வசதி. ஆனா அந்த மண்ணு வித்த காசு நேரா உங்க கைக்கு வராது. நம்ம ஊர் ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பும் இப்படித்தான், தங்கும் உரிமை மட்டும். புயல் பில் வராது, மண்ணும் வராது.

அமெரிக்காவை விட்டு ஊருக்குத் திரும்பிட்டவங்க ஒண்ணு கவனிங்க. நீங்க அங்கே வரி கணக்கில் வெளிநாட்டவர் என்றால், சொத்து விற்கும்போது பொதுவா 15% பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. அது முடிவான வரி இல்லை, ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்பக் கேட்கணும். இங்கே முழு ரெசிடென்ட் ஆகிட்டீங்கன்னா அந்த ஒரு வாரப் பத்திரத்தையும் வருமான வரிக் கணக்கின் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்டணும். ரிசார்ட் இடிஞ்சு வெறும் மண்ணா கிடந்தாலும், உங்க பெயரில் பத்திரம் இருக்கிற வரைக்கும் காட்டணும்.