உழைத்தால் சொந்தமாகும் மிதிவண்டி

திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். மிதிவண்டியின் இடப்பக்கப் பெடல் மட்டும் இதற்கு நேர்மாறு. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக அதன் மரையைத் தலைகீழாக வெட்டியிருப்பார்கள். இது தெரியாதவர், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ போன்ற சமூக மிதிவண்டிப் பட்டறைகளுக்குப் போகும் பதின்ம வயதினர் கற்றுக்கொள்ளும் சங்கதிகளில் இதுவும் ஒன்று. ‘குண்டுகள் அல்ல, மிதிவண்டிகள்’ என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரைக் கேட்டால் போராட்டக் குழு என்று தோன்றும். தொடங்கியதும் அப்படித்தான்.

1980களில் நிக்கராகுவா அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போரிட்ட கொன்ட்ரா படையினருக்கு அமெரிக்க அரசாங்கம் உதவியது. அதை எதிர்த்த கார்ல் கர்ஸ், மைக்கல் ரெப்லோகல் இருவரும் 1984ல் இந்த அமைப்பைத் தொடங்கி, பழைய மிதிவண்டிகளைச் சேகரித்து நிக்கராகுவாவுக்கு அனுப்பினர். அந்தப் போர் முடிந்த பிறகும் மிதிவண்டி சேகரிப்பு நிற்கவில்லை. பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, ஒரு கொள்கலனில் நூற்றுக்கணக்கான வண்டிகளை அடுக்கி ஆப்பிரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். குவாத்தமாலாவில் ‘மாயா பெடல்’ என்ற அமைப்பு, இப்படி வந்த வண்டிகளிலிருந்து பாகங்களைப் பிரித்தெடுத்து, காலால் மிதித்து ஓட்டும் தண்ணீர்ப் பம்புகளும் சோளம் அரைக்கும் இயந்திரங்களும் செய்தது.

தூரத்து நாடுகளுக்கு உதவிய அமைப்பு, தன் தெருவில் இருக்கும் பிள்ளைகளையும் கவனித்தது. 1990களில் வேரூன்றிய திட்டத்தின் பெயர் ‘எர்ன் எ பைக்’. உழைத்து ஒரு மிதிவண்டியைச் சம்பாதித்துக்கொள் என்பது அதன் பொருள். மாணவர்கள் பள்ளி முடிந்த பிறகோ விடுமுறையிலோ பட்டறைக்கு வருவார்கள். யாரோ நன்கொடையாகத் தந்த பழைய வண்டி ஒன்றை வாரக்கணக்கில் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மீண்டும் பூட்டுவார்கள். நகரச் சாலையில் பாதுகாப்பாக ஓட்டவும் கற்றுக்கொள்வார்கள். எல்லாம் முடிந்ததும் வண்டி அவர்களுக்கே சொந்தம்.

வேலை எளிதானதல்ல. புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அதைவிடப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால்கூட அந்தச் சங்கிலியை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அது பற்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். வளைந்த சக்கரத்தை நேராக்க ஒவ்வோர் ஆரக்கம்பியையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று பொறுமையாக முறுக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் இன்னொரு பக்கம் இழுக்கும். அவசரப்பட்டால் சக்கரம் முன்பைவிடக் கோணலாகும்.

பிறகு, பிரேக். நம் பள்ளிகளில் 90 மதிப்பெண் எடுத்தால் பாராட்டுவார்கள். 90 விழுக்காடு சரியான பிரேக்கை வைத்துக்கொண்டு சாலையில் இறங்க முடியுமா? கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட் சற்றுத் தளர்வாக இருந்தாலும் ஒருவர் லாரிக்கு முன்னால் போய் விழக்கூடும். அந்தப் போல்ட்டை ஒரு 14 வயதுப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கிறார்கள். பயிற்றுநர் சோதித்துப் பார்ப்பார் என்றாலும், இறுக்கும் கை அந்தப் பிள்ளையுடையது. ‘வழிதவறக்கூடிய இளையர்கள்’ என்று முத்திரை குத்தி அறிவுரை சொல்லும் திட்டங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒருவருடைய உயிரை நம்பி ஒப்படைக்கும் திட்டங்கள் குறைவு.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு எழுந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கிடைக்கும் வண்டிக்கு, வசதி குறைந்த பிள்ளை மட்டும் ஏன் வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்? சும்மா கொடுத்துவிட்டால் என்ன?

யோசித்துப் பார்த்தால், சும்மா கிடைத்த வண்டியின் ஆயுள் பெரும்பாலும் முதல் பஞ்சர் வரைதான். பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில் அது மூலையில் சாய்ந்துவிடும். வண்டியை முழுவதும் ஒருமுறை பிரித்துப் பூட்டிய பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. அதோடு, அண்டை வீட்டு வண்டி கெட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பட்டறை என்றாலே ஆண்களின் இடம் என்ற எண்ணம் அங்கும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்புகளையும் அந்த அமைப்பு நடத்தியிருக்கிறது. கலந்திருக்கும் குழுவில் ஸ்பேனர் யார் கைக்கு முதலில் போகும் என்பது, பள்ளியில் ரோபோ செய்யும் போட்டிக்குப் போன பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

தேர்ச்சி பெற்றவர்களில் சிலர் சம்பளத்துக்கு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இளையவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். பணத்துக்கு நன்கொடையும் உண்டு, கடையும் உண்டு. பழுதுபார்த்த வண்டிகளை விற்று வரும் வருமானம் இளையர் திட்டங்களுக்குப் போகிறது.

கடை இருக்கும் ஜமைக்கா பிளேன் வட்டாரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அதன் வழியே பெரிய விரைவுச்சாலை ஒன்று போடத் திட்டமிட்டு வீடுகளை இடித்தார்கள். குடியிருப்பாளர்கள் விடாமல் எதிர்த்ததால் 1970களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 1987ல் அந்த இடத்தில் ரயில் பாதையும், அதையொட்டிப் பூங்காவும் மிதிவண்டிப் பாதையும் வந்தன.

சிங்கப்பூரில் நமக்குப் பாதைகளுக்குப் பஞ்சமில்லை, பூங்கா இணைப்புப் பாதைகள் தீவெங்கும் ஓடுகின்றன. மிதிவண்டிகளுக்கும் பஞ்சமில்லை. 2018ல் ‘ஓபைக்’ நிறுவனம் திடீரென இங்கு சேவையை நிறுத்தியபோது, அதன் வண்டிகள் மூலைமுடுக்கெல்லாம் கிடந்தது நினைவிருக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இப்படிக் கைவிடப்பட்ட பகிர்வு மிதிவண்டிகளில் ஏறத்தாழ 10,000ஐ வாங்கி, நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குச் செல்லும் மியன்மார் மாணவர்களுக்குக் கொடுக்கும் முயற்சியை மைக் தான் துன் வின் என்ற தொழில்முனைவர் 2019ல் மேற்கொண்டார். நல்ல காரியம். அந்த வண்டிகளில் சிலவற்றையாவது நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இணைப்பாட நடவடிக்கையாகப் பழுதுபார்த்து அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இந்த வாரம் நான்கு மிதிவண்டிகளில் நகர மன்றத்தின் அறிவிப்புச் சீட்டு தொங்குகிறது. உரிமையாளர் வராவிட்டால் அகற்றிவிடுவார்கள். பார்த்த வரையில் இரண்டில் டயர் மட்டும்தான் போயிருக்கிறது.