சும்மா கிடக்கும் நிலத்துக்கு என்ன விலை?

உடுமலையிலிருந்து பழனி செல்லும் சாலையில், மடத்துக்குளத்தருகே அமராவதி குறுக்கிடுகிறது. பாலத்தின்மேல் சற்று நின்றோம். கரையோர மரங்கள், நாணற்புதர், நீர்க்காகங்கள். "இவ்வளவு இடமும் சும்மாதானே கிடக்கிறது!" என்றார் உடன்வந்த நண்பர். சர்க்கார் பதிவேடும் அவர் கட்சியே. அதில் ஆற்றங்கரைக்குப் பெயர் புறம்போக்கு.

இதே ஜில்லாவின் வடபுறத்திலே நொய்யலையும் இப்படித்தான் எண்ணினார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு அவ்வாற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று, கிணறுகள் கெட்டன. சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி ஏற்பட்ட சூழல் இழப்பு ஆணையம், 2004-ஆம் வருஷத்தில் 28,596 உழவர்களுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கணக்கிட்டது. கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பார்த்தாலோ தலைக்கு ஒன்பதாயிரம்கூடத் தேறவில்லை!

கெடுவதற்கு முன்பே விலை கணிக்கும் வழியும் உண்டு. கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூர்க் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு அதற்கு வித்திட்டது. மரம், விறகு, தீவனம், காற்றிலுள்ள கரியை உட்கொள்ளும் சக்தி முதலியவற்றை மதிப்பிட்டு, காட்டை வேறு காரியத்துக்கு எடுப்போர் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய்வரை செலுத்தவேண்டுமென 2008-இல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. 2022-இல் அதன் மேல்வரம்பு 15.95 லட்சமாக உயர்ந்தது.

ஆனால் இந்த மதிப்பெல்லாம் 'காடு' என்ற பெயருள்ள நிலத்துக்கே. அமராவதியோடு தாராபுரம் பக்கம் இறங்கினால் கொறங்காடுகள் வருகின்றன. கிளுவைமுள் வேலி, வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்த வருஷத்திலும் காங்கேயம் மாட்டைக் காப்பாற்றுவது இந்த நிலமே. கோடையில் வெள்வேல நெற்றும் தீவனமாகிறது. மேய்ச்சல் குத்தகை, சாணம், பால், கன்று விற்ற பணம் என்று குடியானவர் வீட்டில் இதற்குக் கணக்குண்டு. ஊரமைப்புப் படத்திலோ இது வெறும் புன்செய். காற்றாலைக்கோ மனைப்பிரிவுக்கோ கேட்டு வருகிறவர், புன்செய் விலையைத்தான் பேசுவார்.

விலை கட்டுவதிலும் அபாயமுண்டு என்பதை மறைக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டோம், இனி வெட்டலாம் என்பார் பணக்காரர். ஆகவே சில இடங்களுக்கு "விற்பனைக்கில்லை" என்றே எழுதவேண்டும். ஆற்றங்கரை அவற்றில் முதலாவது. மற்ற நிலங்களுக்காவது, மனுவில் கையெழுத்திடும் முன்னர், புல்லையும் கிணற்றையும் சேர்த்த கணக்கு அதிகாரியின் மேஜைமேல் இருக்கட்டும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. பாலத்தடியில் எருமைகளை நீருக்கு இறக்கிக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.