போய் வந்த வாத்தியார்கள்

சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிறது ரயில் பாதை. டிசம்பர் மாதம் அதில் பயணம் செய்தால் ஜன்னலின் இருபுறமும் சம்பா கதிர் வாங்கி நிற்கும். அப்படியொரு டிசம்பரில், 2012-இல், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலகத் தமிழ் இணைய மாநாடு நடந்தது. பத்து ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், அதே மாநாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கலிபோர்னியா, ஜெர்மனியின் கொலோன், கனடாவின் டொராண்டோ என்று ஊர் ஊராகக் கூடிய மாநாடு அது. மயிலாடுதுறையில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இரண்டு முறை அது ரயிலில் போய்த் திரும்பும் தூரத்தில் நடந்திருக்கிறது.

கணினி ஆசிரியர்கள் நாடு விட்டு நாடு போய் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வது ஆடம்பரம் அல்ல, தேவை. தமிழ்நாட்டில் 2018-19-இல் பதினோராம் வகுப்புக்கும், மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். கல்லூரியில் வேறு மொழி படித்துவிட்டு வந்த ஆசிரியர், தானும் படித்தபடியே பாடம் நடத்த வேண்டியிருந்தது. வேறு எந்தப் பாடமும் இவ்வளவு வேகமாக வாத்தியாரை மறுபடி மாணவராக்குவதில்லை.

இப்படிப்பட்ட பயணங்கள் என்ன செய்யும் என்பதற்குக் கான்பூர் நல்ல சாட்சி. 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து ஐஐடி கான்பூரை வளர்க்கத் துணை நின்றன. 1963-இல் ஐபிஎம் 1620 கணினி விமானத்தில் வந்து இறங்கியது. அதோடு ஆசிரியர்களும் வந்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்தவர் ஹாரி ஹஸ்கி. இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்தவர். பிரின்ஸ்டனிலிருந்து இருவர் வந்தனர். ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதப் பத்து நாள் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. கான்பூர் மாணவர்களோடு நிற்காமல் வெளி நிறுவனத்தாருக்கும் அந்த வகுப்புகளில் இடம் கிடைத்தது.

அவர்களோடு சேர்ந்து பாடம் நடத்திய இளைஞர் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்தவர். இந்திய அரசின் உதவித்தொகையில் எம்ஐடி போய், விஸ்கான்சினில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கே ஆசிரியராகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். 1965-இல் கான்பூரில் எம்.டெக். மாணவர்கள் கணினி அறிவியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்க வழி பிறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடத்தை 1969-இல் நிரலாக்கப் புத்தகமாக எழுதினார். விலை 15 ரூபாய். வெளிநாட்டுப் புத்தகத்தை நினைத்தும் பார்க்க முடியாத மாணவர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். அமெரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்ததில் ஒரு பங்கு, கான்பூரையே பார்த்திராதவர்கள் கைக்கும் 15 ரூபாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அதே கான்பூரில் கட்டடப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் மு. ஆனந்தகிருஷ்ணன். வாணியம்பாடியில் பிறந்து, மினசோட்டாவில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். தமிழ் இணைய மாநாடுகளுக்கு விதை போட்டவரும் ஆசிரியர்தான். சிங்கப்பூரில் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தந்த நா. கோவிந்தசாமி 1997-இல் முதல் கூட்டத்தைக் கூட்டினார். 1999-இல் சென்னையில் அடுத்தது. 2000-இல் சிங்கப்பூரில் இந்த மாநாடுகளை நடத்தும் ‘உத்தமம்’ அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவர் ஆனந்தகிருஷ்ணன்.

சென்னைக் கூட்டத்தின் விளைச்சல் இன்றும் விரல் நுனியில் இருக்கிறது. அதன் பெயர் தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆளுக்கொரு விசைப்பலகையும் எழுத்துருவும் வைத்துக்கொண்டு, ஒருவர் அடித்ததை மற்றவர் படிக்க முடியாமல் திண்டாடிய காலம் அது. பல நாட்டுக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதால் வந்த வழி இது.

இன்றைக்கும் வாய்ப்புகள் இருக்கின்றன. ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கியான்’ திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இங்கே வந்து சில நாள் பாடம் நடத்துகிறார்கள். திருச்சி என்ஐடியிலும் அப்படிப்பட்ட வகுப்புகள் நடந்திருக்கின்றன. போகிறவருக்குக் கேள்விகள் வேண்டும்: அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தடுமாறும் பிள்ளையை எப்படிக் கைதூக்கிவிடுகிறார்கள், தேர்வு எப்படி நடக்கிறது? திரும்பியதும் மாவட்டத்து மற்ற ஆசிரியர்களை ஒரு சனிக்கிழமை உட்காரவைத்து, பார்த்ததைப் பாடமாகவே நடத்திக் காட்ட வேண்டும். சான்றிதழையும் புகைப்படத்தையும் மட்டும் கொண்டுவந்தால் அரசுப் பணமும் ஆசிரியரின் உழைப்பும் வீண்.

கொண்டுவரத்தக்கது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் பணிபுரிந்த டிம் பெல், இயன் விட்டன் இருவரும் அமெரிக்கரான மைக் ஃபெலோசும் சேர்ந்து, கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் முறையை 1990-களில் வகுத்தார்கள். அது நாடு நாடாகப் பரவியிருக்கிறது. மின்சாரம் போன மதியத்தில் மயிலாடுதுறைப் பள்ளியிலும் அதை நடத்தலாம். பழைய நாள்காட்டி அட்டை ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் முறையே 16, 8, 4, 2, 1 புளியங்கொட்டைகளை ஒட்டி, ஐந்து பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்த வேண்டும். ‘பத்தொன்பது’ என்று ஆசிரியர் சொன்னதும் 16, 2, 1 அட்டைகள் வகுப்பைப் பார்க்கும். 8-உம் 4-உம் திரும்பிக்கொள்ளும். தெரிவது ஒன்று, தெரியாதது பூச்சியம். 10011 என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். மின்சாரம் வந்தபின் அதே வேலையைப் பைத்தானில் செய்யச் சொல்லலாம்.