முடிதிருத்தகத் தூய்மை

முடிதிருத்தகத் தூய்மை என்பது முடிதிருத்தகங்களிலும் அழகு நிலையங்களிலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோய் தொற்றாதவாறு கருவிகள், துணிகள், நீர்த்தொட்டிகள் முதலியவற்றைப் பேணும் முறைகளைக் குறிக்கும். தரையின் பளபளப்பும் நறுமணமும் இதற்கு அளவுகோல் ஆகா. ஒரு வாடிக்கையாளர் எழுந்து, அடுத்தவர் அமர்வதற்குள் கருவிகளுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதே முதன்மையாகக் கவனிக்கத்தக்கது.

பரவக்கூடிய நோய்கள்

சவரத்தின்போது கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள் ஏற்படுகின்றன. குருதியால் பரவும் நோய்கள் இவற்றின் வழியே தொற்ற வாய்ப்புண்டு. மக்களிடையே எய்ட்சு குறித்த அச்சமே மிகுதி. எனினும் எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழக்கும். கல்லீரல் அழற்சி பி வைரசோ உலர்ந்த பரப்புகளில் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்க வல்லது. எனவே இங்கு கூடுதலாக அஞ்ச வேண்டியது இதற்கே. இதற்குத் தடுப்பூசி உண்டு. நாள்தோறும் பலரின் குருதிக்கு அருகே பணிபுரியும் முடிதிருத்துநருக்கே அது முதலில் தேவை. கல்லீரல் அழற்சி சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

தாடியின் மயிர்க்கால்களில் தோன்றும் சீழ்க்கொப்புளங்கள், படர்தாமரை, பேன் ஆகியவையும் பரவலாம்.

கழுவுதலும் தொற்றுநீக்கமும்

இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள். சோப்பு நீரால் கழுவுதல் அழுக்கையும் கிருமிகளில் ஒரு பகுதியையும் அகற்றும். எஞ்சியவற்றை அழிப்பது தொற்றுநீக்கம். வரிசை மாறினால் பயனில்லை: முடியும் எண்ணெயும் ஒட்டிய சீப்பில் மருந்து அடிவரை எட்டாது, குளோரின் கரைசலோ அழுக்கோடு வினைபுரிந்தே தன் வலிமையை இழந்துவிடும்.

அடுத்தது நேரம். அமெரிக்க முடிதிருத்தகங்களில் நீலநிற நீர்மம் நிறைந்த கண்ணாடிக் குவளையைக் காணலாம். 1940களில் மாரிசு கிங் உருவாக்கிய 'பார்பிசைடு' என்னும் கரைசல் அது. கருவிகள் அதில் 10 நிமிடங்கள் முழுமையாக மூழ்கியிருக்க வேண்டும். நம் ஊர்களில் டெட்டால் கலந்த நீரில் சீப்பை ஒரு நொடி தோய்த்து எடுப்பது வெறும் சடங்கே. சாராயத்தைப் பொருத்தவரை, செறிவு மிக்கதைவிட நீர் கலந்த 70% கரைசலே சிறந்தது. கிருமிகளின் புரதங்கள் சிதைய நீரும் தேவைப்படுகிறது.

புறஊதா விளக்குப் பெட்டியின் ஒளி நேராகப் படும் பரப்பில் மட்டுமே செயல்படும். மூடிய கத்தரிக்கோலின் உட்புறத்தை அது எட்டாது.

சவரக்கத்தியும் படிகாரமும்

தமிழ்நாட்டில் பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்திப் பிடியில் செருகிப் பயன்படுத்துவது வழக்கம். உறையைக் கண்முன்னே பிரித்துப் பிளேடை உடைத்தால் ஐயமில்லை. மறுபாதியும் பயன்படுத்தப்படாததாக இருக்க வேண்டும். பிளேடை மாற்றுபவர்களும் பிடியை மறந்துவிடுகின்றனர். குருதி அதன் பிளவுகளிலும் தங்கும்.

படிகாரம் குருதிக் கசிவை நிறுத்தும். ஆனால் ஒரே கட்டியைப் பலர் முகத்தில் தேய்க்கும்போது அது வெட்டுக்காயங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாலமாகிவிடுகிறது. பொடியாக்கிப் புதுப் பஞ்சில் தொட்டு வைப்பதே முறை.

துண்டும் கழுத்தைச் சுற்றும் துணியும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருத்தல் வேண்டும். அது இயலாத இடத்தில் கழுத்துக்கும் துணிக்கும் இடையே தாள்பட்டை வைக்கலாம்.

கால் கழுவும் தொட்டிகள்

அழகு நிலையங்களில் நீரைச் சுழற்றும் கால்தொட்டிகள் தனிக் கவனத்துக்குரியவை. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே நக அழகு நிலையத்துக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோரின் கால்களில் ஆறாத கொப்புளங்கள் தோன்றின. காரணம், 'மைக்கோபாக்டீரியம் பார்ச்சூட்டம்' என்னும் நுண்ணுயிரி. தொட்டிகளின் வெளிப்புறத்தில் குறை தெரியவில்லை. நீரை உள்ளிழுக்கும் வலைத்தட்டைக் கழற்றியபோதுதான் பின்னால் முடியும் தோல்துகள்களும் திரண்டிருந்தது தெரிந்தது. அத்தட்டுகள் அதுவரை ஒருமுறைகூடக் கழற்றிக் கழுவப்படவில்லை. அங்கு செல்வதற்கு முன் காலைச் சவரம் செய்துகொண்டவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. நீரைச் சுழற்றும் குழாய்கள் இல்லாத எளிய பிளாசுடிக் தொட்டியில் இவ்வாறு அழுக்கு மறைந்து தங்க இடமில்லை, கழுவுவதும் எளிது.