கார்டு பிடிச்சா மட்டும் ஏன் கரகரங்குது?

ஒற்றை நோட் வாசிக்கும்போது சிந்தசைஸர் தேன் மாதிரி இருக்கும். நாலு விரல் வைத்து கார்டு பிடித்தால் ஸ்பீக்கர் கரகரக்கும். கருவி கெட்டுப்போகவில்லை. ஒற்றை நோட்டை வைத்து லெவல் செட் பண்ணியிருப்பீங்க, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்க. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் கூடும். நாலு நோட்டின் அலைகளும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொட்டால் நாலு மடங்கு, அதாவது 12 டெசிபெல். சராசரி சத்தம் சுமார் 6 டெசிபெல்தான் கூடும். ஆனால் கிளிப்பிங்குக்கு சராசரி தெரியாது, உச்சம்தான் தெரியும். போதாக்குறைக்கு ரெசொனன்ஸை ஏற்றி கட்ஆஃபைத் திருகினால், அது ஏதாவது ஒரு ஹார்மோனிக் மேல் போய் உட்காரும்போது லெவல் இன்னும் எகிறும். அதனால் பாட்டிலேயே சத்தமான இடத்தை வாசித்துத்தான் லெவல் வைக்கணும்.

எங்கே வெட்டுப்படுகிறது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். மென்பொருளில் ஃபேடரைக் குறைத்தும் கரகரப்பு போகலையா? தவறு அதற்கு முன்னாடியே நடந்துவிட்டது. தலை வெட்டுப்பட்ட அலையைச் சின்னதாக்கினால், சின்ன சைஸில் தலை வெட்டுப்பட்ட அலைதான் கிடைக்கும்! அடுத்து சிந்தசைஸரின் வால்யூமைக் குறைங்க. சரியானால், ஆடியோ இன்டர்ஃபேஸின் இன்புட்தான் நிரம்பி வழிந்திருக்கிறது. அங்கே கெயினைக் குறைங்க. அப்பவும் போகலைன்னா சிந்தசைஸருக்குள்ளேயே நடக்கிறது.

உள்ளே நடப்பது எல்லாமே குற்றமில்லை. மினிமூக் வாசிப்பவர்கள் ஹெட்ஃபோன் அவுட்டை எடுத்து அதே கருவியின் வெளி இன்புட்டில் வேண்டுமென்றே செருகி, அந்த முரட்டு ஒலியை வரவழைப்பார்கள். அனலாக் சர்க்யூட் நிரம்பும்போது பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். டிஜிட்டலில் 0 டெசிபெல்லுக்கு மேல் எண்ணே கிடையாது. 24 பிட்டில் பதிவு செய்தால் கோட்பாட்டளவில் 144 டெசிபெல் இடம் இருக்கு, 16 பிட்டில் 96தான். எனவே உச்சத்தை மைனஸ் 12 பக்கத்தில் தாராளமாக விடலாம். மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் கெத்து என்பதெல்லாம் பழைய கதை.

"கம்ப்ரஸர் போட்டா சரியாயிடுமே?" இங்கேதான் பலர் சிக்குவாங்க. சிந்தசைஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே ஒரு கம்ப்ரஸர்: த்ரெஷோல்ட் மைனஸ் 18, ரேஷியோ 4:1. மைனஸ் 6-ல் வரும் சிக்னல் 12 டெசிபெல் தாண்டுகிறது; அது 3 ஆகச் சுருங்கி மைனஸ் 15-ல் நிற்கும். இழந்த 9 டெசிபெல்லை மேக்கப் கெயினில் திருப்பித் தருவீங்க. அட்டாக் 30 மில்லிசெகண்ட் என்றால், பிளக் ஒலியின் முதல் சில மில்லிசெகண்ட் உச்சம் கம்ப்ரஸர் விழிப்பதற்குள் கடந்துவிடும். மைனஸ் 6 கூட்டல் 9, பிளஸ் 3. கிளிப்பிங்கைத் தடுக்கப் போட்டதே கிளிப் பண்ணிடுச்சு!

அதற்காக அட்டாக், ரிலீஸ் இரண்டையும் பூஜ்ஜியத்துக்கு இழுக்காதீங்க. 41 ஹெர்ட்ஸ் பேஸ் நோட்டின் ஒரு சுழற்சியே சுமார் 24 மில்லிசெகண்ட். அதைவிட வேகமாக ஓடும் கம்ப்ரஸர் அலையின் வடிவத்தையே மாற்றி, புது கரகரப்பைக் கொண்டுவரும். மேக்கப்பைப் பாதியாக்குங்க, இல்லைன்னா பின்னால் ஒரு லிமிட்டர் வைங்க. அதற்கும் முன்னாடி, ஒவ்வொரு பேட்சின் வால்யூமையும் சிந்தசைஸரிலேயே சமப்படுத்தி சேவ் பண்ணிடுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.