கையில் பிடிபடாத பனி! சறுக்கி விளையாட எந்த மலைக்குப் போகலாம்?

பனியை அள்ளி அழுத்தினால் உருண்டையாகும். குழந்தைகள் அதை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்கள். சினிமாவில் பார்த்திருப்பீர்கள்.

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்று ஒரு தீவு இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அங்கே பனி உருண்டை பிடிப்பது சுலபம் அல்ல! அந்தப் பனி, இடித்துச் சலித்த மாவு போல இருக்கும். அழுத்தினால் விரல் இடுக்கில் உதிரும். ஊதினால் பறக்கும்.

இதற்கு ஆங்கிலத்தில் 'பவுடர்' என்றே பெயர். நாம் 'மாவுப் பனி' என்று சொல்லலாம்.

கால்களில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு மலைச் சரிவில் வழுக்கி இறங்குவதுதான் பனிச்சறுக்கு. மாவுப் பனியில் சறுக்கினால் சத்தமே கேட்காது. மேகத்தில் மிதப்பது போல இருக்கும். இதற்காகவே உலகின் பல நாடுகளில் இருந்து ஆண்டுதோறும் உல்லாசப் பயணிகள் அங்கே போகிறார்கள்.

எப்படி வருகிறது?

குளிர் காலத்தில் சைபீரியாவில் இருந்து கடும் குளிர் காற்று புறப்படுகிறது. அது ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. கடல் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் காற்று வழியெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே வருகிறது. ஹொக்கைடோ மலைகளில் மோதி மேலே ஏறியதும், அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. குளிர் அதிகமானதால் பனி உருகுவது இல்லை; ஒட்டுவதும் இல்லை.

பனியைப் பற்றி ஆராய்ந்தவர்களில் பெயர் பெற்றவர் உகிசிரோ நாகயா. இவர் ஹொக்கைடோ சர்வகலாசாலையின் விஞ்ஞானி. 1936-ம் ஆண்டில், குளிர் அறையில் ஒரு முயல் ரோமத்தின் மேல், உலகிலேயே முதல் முதலாகச் செயற்கைப் பனித் துகளை வளர்த்துக் காட்டினார்.

எந்த மலை?

ஹொக்கைடோவில் சறுக்கு மலைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு விதம்.

நிசேகோ, ஜப்பான் கடல் பக்கம் இருக்கிறது. ஆகவே பனி மிக அதிகம். ஒரு பருவத்தில் பெய்வதைக் கூட்டினால் சுமார் 15 மீட்டர் ஆகும். நாலு மாடி உயரம்! ஆனால் வெயிலைப் பார்ப்பது அபூர்வம்.

புரானோ, தீவின் நடுவில் இருக்கிறது. பனி நிசேகோவைவிடக் குறைவு. ஆனால் இன்னும் உலர்ந்தது. வானம் தெளியும் நாட்களும் அதிகம். குளிரும் அதிகம்.

டெய்னே மலை, சப்போரோ நகரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. 1972-ல் சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, சில சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. நகரத்தில் தங்கிக்கொண்டு போய் வரலாம்.

ஆளை விழுங்கும் மெத்தை

மாவுப் பனியில் விழுந்தால் மெத்தையில் விழுந்தது போல இருக்கும். அந்த மெத்தையே ஆளை விழுங்கவும் செய்யும்!

மரங்களின் அடியில், கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தாமாக எழுந்திருப்பது கஷ்டம். மூச்சு முட்டிவிடும். ஆகையால் மரங்களுக்கு இடையே யாரும் தனியாகப் போகக் கூடாது.

இன்னொரு அபாயம் பனிச்சரிவு. புதுப் பனி பாளம் பாளமாகப் பெயர்ந்து மலையில் இருந்து உருண்டு வரும். அதில் புதைந்தவரைச் சுமார் 10, 15 நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வைக்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கும்.

கதவு போட்ட மலை

சறுக்கும் இடங்களைச் சுற்றிக் கயிறு கட்டி இருப்பார்கள். கயிற்றுக்கு வெளியேதான் யார் காலும் படாத பனி இருக்கும். ஆசை யாரை விட்டது? நிசேகோவில் தடையை மீறிப் போய், பனிச்சரிவில் சிக்கி உயிர் இழந்தவர்கள் உண்டு.

ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். வெறும் தடையினால் பயன் இல்லை என்று கண்டார்கள். கயிற்றில் ஆங்காங்கே கதவுகள் வைத்தார்கள். தினமும் காலையில் பனியின் நிலையை அறிவிக்கிறார்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்தால் கதவைத் திறக்கிறார்கள். இல்லாவிட்டால் மூடி வைக்கிறார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனவரின் அனுமதிச் சீட்டைப் பறித்துக்கொள்வார்கள்.

ஆகவே மலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பனி எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பனிக்குக் காவல் யார், அபாயத்தை அறிவிக்க ஏற்பாடு உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

குடும்பத்தோடு போனால்

முதல் தடவை போகிறவர்கள் மாவுப் பனியில் இறங்கக் கூடாது. யந்திரத்தால் சமன் செய்த சாய்வு குறைந்த சரிவில், ஆசிரியரிடம் முதலில் பழக வேண்டும். அத்தகைய சரிவுகள் அதிகம் உள்ள மலையே குழந்தைகளுக்கு ஏற்றது.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களே மாவுப் பனிக்குச் சிறந்தவை. நாலைந்து நாளாவது தங்குவது நல்லது. பலத்த காற்று வீசினால், ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலிகளை நிறுத்திவிடுவார்கள்.

அப்படி ஒரு காலையில் கதவும் மூடி இருந்தால்? வருத்தப்பட வேண்டாம். நிசேகோவில் வெந்நீர் ஊற்றுகள் நிறைய உண்டு. சுற்றிலும் பனி கொட்ட, கழுத்தளவு வெந்நீரில் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். பனி நாளைக்கும் பெய்யும்!